கூச்சப்படாமல் கேளுங்கள்: தீட்டு நின்ற பிறகு வரும் எரிச்சல், கடுப்பு, கசிவு

போன மாதம் இந்தப் பகுதியில் மெனோபாஸ் நேரத்தில் வரும் உடம்புச் சூடு, ராத்திரி வியர்வை பற்றி எழுதியிருந்தேன். கடைசியில் ஒற்றை வரியாக, ‘கீழே வறட்சி, எரிச்சல் இருந்தால் அதையும் எழுதுங்கள்’ என்று சேர்த்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் பெயர் இல்லை. ஒருவர் பேரனின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாளில் எழுதி, தலைப்பில் சிவப்பு மையில் ‘படித்ததும் கிழித்துவிடவும்’ என்று குறித்திருக்கிறார். அவருக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

டாக்டரம்மா, எனக்கு 54 வயது. தீட்டு நின்று ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக நீர்க்கடுப்பு விட்டபாடில்லை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்துவிடும். மெடிக்கலில் சொன்னால் மாத்திரை தருவார், மூன்றாம் நாள் சரியாகிவிடும், மீதியை அடுத்த தடவைக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டு வைப்பேன். இளநீர், வெந்தயம், பார்லித் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. மாமியார் இன்னமும் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிவிடுகிறார். சுகர் இல்லை. சுத்தமாகத்தான் இருக்கிறேன். எல்லாம் சூடு என்கிறார்கள். இது சூடா? – வாசகி, திண்டுக்கல்

சுண்ணாம்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் பாட்டியும் எனக்குத் தடவியவர்தான். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, தடவிவிட்டுக் கூடவே இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள் பாருங்கள், அந்தத் தண்ணீர்தான் வேலை செய்கிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவது சூடு இல்லை. உங்கள் சுத்தத்திலும் குறை இல்லை, அதை முதலில் மனசிலிருந்து எடுத்துப்போடுங்கள். நிறைய பேர் இந்த இடத்தில்தான் தப்புச் செய்கிறார்கள், அசுத்தம்தான் காரணமோ என்று டெட்டால் ஊற்றிக் கழுவி இருக்கிற கொஞ்சநஞ்சப் பாதுகாப்பையும் அழித்துவிடுகிறார்கள்.

நடப்பது என்னவென்றால், பிறப்புறுப்பின் உள்சுவர், அதை ஒட்டியே இருக்கும் சிறுநீர்த்தாரை, சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி இந்த மூன்றுமே சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை நம்பி வாழ்கிற இடங்கள். தீட்டு வருகிற காலத்தில் அந்த உள்சுவர் தடிமனாக, ஈரமாக இருக்கும். அதன் செல்களில் கிளைகோஜன் என்கிற மாவுச்சத்து இருக்கும். அதைத் தின்று லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக்கள் வாழும், நம் தயிரை உறையவைக்கிற கூட்டத்துக்குச் சொந்தக்காரர்கள்தான். தயிர் புளிப்பதுபோல அந்த இடத்தையும் அவை புளிப்பாக வைத்திருக்கும், பி.எச். கணக்கில் சொன்னால் 3.8 முதல் 4.5 வரை. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமி தங்காது. தீட்டு நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றினால் சுவர் மெலிகிறது, மாவுச்சத்து குறைகிறது, தயிர்க் கூட்டம் பட்டினி கிடந்து காலி செய்கிறது, பி.எச். 5-ஐத் தாண்டி அந்தப் புளிப்பு போய்விடுகிறது. மலக்குடலில் சும்மா இருந்த ஈ.கோலை கிருமிக்கு இப்போது வழி திறந்துவிட்டது, ஏற வேண்டிய சிறுநீர்த்தாரையோ வெறும் 4 சென்டிமீட்டர். மாத்திரை போட்டால் கிருமி சாகும், ஆனால் வழி திறந்தேதான் கிடக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

இதற்கு 2014-இல் ஒரு புதுப் பெயர் வைத்தார்கள், ‘ஜெனிட்டோ யூரினரி சிண்ட்ரோம் ஆஃப் மெனோபாஸ்’ என்று. வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். அதுவரை இருந்த பெயருக்கு ‘சுருங்கி வாடிப்போனது’ என்று அர்த்தம். எந்தப் பெண் அதைச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போவாள்? அதோடு பழைய பெயரில் சிறுநீர் என்ற பேச்சே கிடையாது. புதுப் பெயரில்தான் வறட்சி, எரிச்சல், உறவில் வலி, நீர்க்கடுப்பு, அவசரமாக வரும் சிறுநீர் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சேர்த்து எழுதினார்கள்.

சரி, மருந்து. ஈஸ்ட்ரோஜன் கிரீம், அதிலும் எஸ்ட்ரியால் என்கிற மிதமான வகை. டாக்டர் சீட்டோடு நம் ஊர் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. 1993-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆராய்ச்சி வந்தது. உங்களைப் போலவே அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த, தீட்டு நின்ற 93 பெண்களில் ஒரு பாதிக்கு இந்த எஸ்ட்ரியால் கிரீம், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் கிரீம். வெறும் கிரீம் போட்டவர்களுக்கு ஆளுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவை என்ற கணக்கில் தொற்று வந்தது. மருந்து போட்டவர்களுக்கு அரைத் தடவை, அதாவது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட செய்தி. இன்றும் என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் பத்து வகை ஆன்டிபயாட்டிக் சீட்டு இருக்கும், இந்தக் கிரீமை ஒருவர்கூட எழுதியிருக்க மாட்டார். எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது.

வழக்கமாகச் சொல்வது, இரண்டு வாரம் தினமும் ராத்திரி படுக்கப்போகும் முன், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். திங்கள், வியாழன் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், மறக்காது. கூடவே வரும் குழாயில் டாக்டர் சொன்ன அளவுக்கு எடுத்து உள்ளே வைக்கலாம். குழாய் உறுத்தினால் விரல் நுனியில் எடுத்து உள்ளேயும் சிறுநீர் வரும் வாய்ப் பக்கமும் தடவலாம். நான்கு நாளில் ஒன்றும் தெரியாது. சில வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். நிறுத்தினால் பழையபடி ஆகும். கண்ணாடி போடுகிற மாதிரிதான், போட்டிருக்கும் வரை தெரியும்.

டப்பாவைத் திறந்ததும் உள்ளே மடித்து வைத்த தாளைப் படித்துவிட்டு, ‘மார்புப் புற்றுநோய், மாரடைப்பு என்று போட்டிருக்கிறதே மேடம்’ என்று போன் வரும். 2002-இல் அமெரிக்காவில் வாய்வழி ஹார்மோன் மாத்திரை பற்றிய பெரிய ஆராய்ச்சி ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்கள். அன்றைக்கு மாத்திரைக்கு வந்த பயத்தை அப்படியே கிரீம் தாளிலும் அச்சடித்துவிட்டார்கள். வாரம் இரண்டு தரம் வைக்கிற இந்தக் குறைந்த அளவில் ரத்தத்தில் கலப்பது மிகமிகக் கொஞ்சம். 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, மருந்துத் தாளில் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்ட அந்த எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவித்துவிட்டது. மார்புப் புற்றுநோய் வந்தவர்களும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களும் மட்டும் கேட்காமல் தொடக்கூடாது.

அதற்கு முன்னால் இரண்டு வேலை. ஒன்று, அந்த டப்பா மாத்திரைகளைத் தூக்கிப் போடுங்கள், அரைகுறையாகப் போட்ட ஆன்டிபயாட்டிக்தான் கிருமிக்குப் பயிற்சிப் பள்ளி. இரண்டு, அடுத்த தடவை கடுப்பு வந்தால் முதல் மாத்திரையை விழுங்கும் முன் யூரின் கல்ச்சர் கொடுங்கள், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கேட்கும் என்று காட்டுகிற பரிசோதனை. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஒருமுறை ஸ்கேன் பார்த்துக் கல் இருக்கிறதா, போன பிறகும் பையில் சிறுநீர் மிச்சம் நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம். குளிர் காய்ச்சலோ விலாவுக்குப் பின்னால் வலியோ சேர்ந்து வந்தால் கல்ச்சர் ரிசல்ட் வரட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள், கிருமி கிட்னி வரை ஏறியிருக்கலாம்.

எனக்கு 49 வயது. 43-இல் அதிக ரத்தப்போக்கு என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் தாம்பத்தியம் என்றாலே மிளகாய்ப் பொடி பட்ட மாதிரி எரிகிறது, ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். ‘உனக்கு என் மேல் ஆசை விட்டுப்போச்சு’ என்கிறார். அப்படி இல்லை என்று எப்படிப் புரியவைப்பது? – வாசகி, சேலம்

ஆபரேஷன் நடந்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள், பீரோவில் பழைய புடவைக்கு அடியில்தான் இருக்கும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தா என்று அதில் இருக்கும். நம் ஊரில் ‘எல்லாத்தையும் எடுத்தாச்சு’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், எல்லாம் என்றால் எதெது என்று யாரும் விளக்குவதில்லை. சினைப்பைகளும் போயிருந்தால் உங்களுக்கு மெனோபாஸ் படிப்படியாக வரவில்லை, ஆபரேஷன் நடந்த அன்றே வந்துவிட்டது. இந்தியப் பெண்களுக்குத் தானாக நிற்கும் வயது சராசரியாக 46, 47. அதற்கு முன்பே சினைப்பைகளை இழந்தவர்களுக்கு எலும்புக்காகவும் இதயத்துக்காகவும், தடை எதுவும் இல்லையென்றால், அந்த வயது வரையாவது ஹார்மோன் மாத்திரை கொடுப்பதுதான் முறை. உங்களுக்கு யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை. அந்த வயது தாண்டிவிட்டாலும் எலும்பு அடர்த்தி பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள்.

எரிச்சலுக்கு வருவோம். ஆசை இருந்தாலும் ஈரம் வராது, அதுதான் இதில் கொடுமை. ஒரு முறை வலித்தால் அடுத்த முறை தொட வரும்போதே இடுப்புத் தசைகள் தானாக இறுகிக்கொள்ளும், இறுகினால் இன்னும் வலிக்கும். முதலில் மேலே சொன்ன ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அது வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை வலிக்க வலிக்க முயற்சி வேண்டாம், அணைத்துக்கொண்டு படுப்பதும் தாம்பத்தியம்தான். இன்னும் இரண்டு பொருள் இருக்கிறது, கடைக்காரரே இரண்டையும் குழப்பிக்கொள்வார். லூப்ரிகன்ட் ஜெல் என்பது அந்த நேரத்துக்கு மட்டும், இருவருமே தடவிக்கொள்வது. மாய்ஸ்சரைசர் என்பது உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு மூன்று தடவை உள்ளே வைப்பது, முகத்துக்கு கிரீம் போடுவதுபோல. தேங்காய் எண்ணெய் போடலாமா என்று பத்துப் பேராவது கேட்டிருக்கிறீர்கள். வாசனை சேர்க்காத சுத்தமான எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது, ஒத்துக்கொண்டால் போடுங்கள். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் மட்டும் எண்ணெய் தொட வேண்டாம், ரப்பர் பிய்ந்துவிடும். எச்சில் எதற்கும் உதவாது, சீக்கிரம் காய்ந்துவிடும்.

கணவருக்குப் புரியவைக்கும் வேலையை நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வண்டியை வெளியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாமல் அவரும் உள்ளே வந்து உட்காரட்டும். ‘கண்ணில் மணல் விழுந்தால் இமை மூடிக்கொள்ளும், கண்ணுக்கு உங்கள் மேல் கோபமா?’ என்று நான் கேட்பேன். பெரும்பாலான ஆண்களுக்கு அது போதும். இந்தப் பக்கத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாலும் சரி.

என் மனைவிக்கு 58 வயது. தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால்கூடச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. இப்போது வெளியூர் வருவதில்லை, கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் நான் மட்டும் போகிறேன். பயணம் என்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். ஆபரேஷன்தான் வழியா? – வாசகர், திருநெல்வேலி

மனைவிக்காகக் கணவர் எழுதிய ஒரே கடிதம் உங்களுடையது, அதற்கே ஒரு நன்றி.

ஆபரேஷன் கடைசிப் படி. முதலில் எந்த வகைக் கசிவு என்று பாருங்கள். தும்மல், இருமல், குடம் தூக்குவது இதிலெல்லாம் கசிந்தால் அடியில் தாங்குகிற தசைகள் தளர்ந்துவிட்டன. வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போதே முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டால் அது பை அவசரப்படுகிற வகை. பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அவசர வகைக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் கொஞ்சம் கைகொடுக்கும், தும்மல் வகைக்கு அதைவிடப் பயிற்சிதான் முக்கியம்.

1948-இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய பயிற்சி, இன்றும் முதல் வைத்தியம் அதுதான். ஆனால் தப்பாகச் செய்கிறவர்களே அதிகம், வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு. உங்கள் மனைவி நாற்காலியில் சாதாரணமாக உட்காரட்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அதே இறுக்கம், கூடவே சிறுநீரையும் மேலே இழுக்கிற மாதிரி. வயிறு, தொடை, புட்டம் அசையக்கூடாது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை முழுசாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஒன்று, சீரியல் விளம்பரத்தில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டுத்தான் பலன் இல்லை என்று சொல்ல வேண்டும். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளப் பழகினால் அதிலேயே பாதிக் கசிவு நிற்கும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம், பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

தண்ணீரை நிறுத்துவது தப்பான வழி. சிறுநீர் கெட்டியாகி, பை இன்னும் எரிச்சலாகி, இன்னும் அடிக்கடி வரும், போதாததற்கு மலச்சிக்கலும் சேரும், முக்கி முக்கிப் போனால் அதே தசை மறுபடி தளரும். குறைக்க வேண்டியது காபி, டீ. நாளைக்கு ஐந்து டம்ளர் என்றால் இரண்டாக்குங்கள். அவசர வகை இருந்தால், வந்ததும் ஓடாமல் ஐந்து நிமிஷம் தள்ளிப்போட்டுப் பழகி, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால் பை மறுபடி கற்றுக்கொள்ளும். எடை கூடுதலாக இருந்தால் சில கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும். இன்னொன்று, ‘கீழே ஏதோ உருண்டை இறங்குகிற மாதிரி இருக்கிறது, சாயந்திரம் ஆனால் கனக்கிறது’ என்று அவர் சொன்னதுண்டா? இருந்தால் கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். அதற்கும் உடனே கத்தி வேண்டியதில்லை, உள்ளே வைக்கிற சிலிக்கான் வளையம் ஒன்று இருக்கிறது, பல வருஷம் அதிலேயே நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

அடுத்த கல்யாணத்துக்கு இருவரும் போங்கள். மாதவிடாய் நாப்கின் இல்லாமல் சிறுநீர்க் கசிவுக்கென்றே தனியாகப் பேட் விற்கிறார்கள், அதை வாங்கிக் கொடுங்கள். நாப்கின் சிறுநீரை அவ்வளவாக உறிஞ்சாது, ஈரம் தோலிலேயே நின்று புண்ணாக்கும்.

62 வயது. தீட்டு நின்று பத்து வருஷம். போன வாரம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது, தானாக நின்றுவிட்டது. ‘மறுபடி வயசு திரும்புது உனக்கு’ என்று பக்கத்து வீட்டம்மா சிரிக்கிறார். விட்டுவிடலாமா? – வாசகி, காஞ்சிபுரம்

விடக்கூடாது. இந்த வாரமே போங்கள்.

தீட்டு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், பிரவுன் கறையாக இருந்தாலும், தானாக நின்றுவிட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சவ்வின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ மறுபடி பட்டாலோ உள்ளிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். கர்ப்பப்பை வாயையும் கண்ணால் பார்க்க வேண்டும். இப்படி வருகிற நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குத்தான் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் உள்சுவர் மெலிந்து கீறியதுதான் காரணம். ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் என்று பக்கத்து வீட்டம்மாவும் சொல்ல முடியாது, நானும் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகிற புற்றுநோய் அது.

வயது 60, பதினைந்து வருஷமாகச் சுகர். ஆறு மாதமாகக் கீழே தாங்க முடியாத அரிப்பு, ராத்திரியில் தூக்கம் போகிறது. மெடிக்கலில் கொடுத்த டியூப் போட்டால் நாலு நாள் நிற்கிறது, மறுபடி வருகிறது. வெந்நீரில் டெட்டால் ஊற்றிக் கழுவுகிறேன். – வாசகி, மதுரை

டெட்டாலை நிறுத்துங்கள், இன்றைக்கே. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சுகர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் மாத்திரையை மாற்றினார்களா? பெயரில் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று இருக்கிறதா? 2020-இல் ஒன்றுக்கும் 2025 மார்ச்சில் இன்னொன்றுக்கும் காப்புரிமை முடிந்து விலை தடாலென்று இறங்கியதால் இப்போது எல்லா ஊரிலும் எழுதுகிறார்கள். நல்ல மருந்துதான், இதயத்துக்கும் கிட்னிக்கும் காவல். அது வேலை செய்யும் விதம் ரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது, நாளைக்கு 60, 70 கிராம் அளவுக்கு. சிறுநீர் போகிற வழியெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் காளானுக்கு விருந்து. தயிர் திரிந்த மாதிரி வெள்ளை, சிவந்த தோல் என்று இருந்தால் அநேகமாக இதுதான். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எழுதிய டாக்டரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சிறுநீர் கழித்ததும் வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைப்பது பலருக்கு உதவும்.

அந்த டியூப் பற்றி. காளானுக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்புக்கு ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்றையும் கலந்த டியூபாகத்தான் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், காளான் அடியில் பரவும், தோலும் மெலியும்.

இதில் ஒரு திருப்பம் உண்டு, அதனால்தான் கண்ணால் பார்க்காமல் மருந்து சொல்லக்கூடாது என்கிறேன். கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளித்தோல் வெளுத்து, வெங்காயச் சருகு மாதிரி சுருங்கி மினுமினுத்தால் அது லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்ற வேறு நோய், காளான் இல்லை, வெண்குஷ்டமும் இல்லை, தொற்றவும் தொற்றாது. அதற்கு மருந்தே வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான், ஆனால் டாக்டர் சொல்கிற அளவில், சொல்கிற காலத்துக்கு. கவனிக்காமல் விட்டால் பிறப்புறுப்பின் வாய் சுருங்கிப்போகும், சிறு பங்கினருக்கு அந்தத் தோலில் புற்றுநோய் வருவதும் உண்டு என்பதால் வருஷம் ஒருமுறை காட்ட வேண்டும்.

மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து லெட்ரோசோல் மாத்திரை போடுகிறேன். வறட்சியில் உட்காரவே எரிகிறது. கிரீம் கூடாதாமே? அதோடு ஒரு கிளினிக்கில் லேசர் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள், மூன்று சிட்டிங், பெரிய தொகை. – வாசகி, கோவை

லெட்ரோசோல் உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் துடைத்துவிடும், அதனால் உங்கள் வறட்சி மற்றவர்களுடையதைவிடக் கடுமை. முதலில் ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர், வாரம் மூன்று நான்கு தடவைகூட. இரண்டு மூன்று மாதம் பார்த்தும் முடியவில்லை என்றால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றிப் புற்றுநோய் டாக்டரிடமே கேளுங்கள். இதே நோய்க்கான இன்னொரு மாத்திரையான டாமாக்சிஃபென் போடுகிறவர்களுக்கு அந்த முடிவு கொஞ்சம் சுலபம், லெட்ரோசோலில் கூடுதல் யோசனை வேண்டும். மாத்திரையை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடாதீர்கள், இந்த எரிச்சல் தாங்காமல் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேசருக்குப் பணம் கட்டாதீர்கள். 2018-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த விளம்பரங்களுக்கு எதிராக எச்சரித்தது. 2021-இல் ஆஸ்திரேலியாவில், மெனோபாஸுக்குப் பிந்தைய வறட்சி உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு நிஜ லேசர், பாதிப் பேருக்கு லேசர் மாதிரி நடிப்பு என்று செய்து ஒரு வருஷம் கழித்துக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே பதில்தான்.

அம்மாவுக்கு 81. எப்போது யூரின் டெஸ்ட் எடுத்தாலும் கிருமி என்று வருகிறது. எரிச்சல், காய்ச்சல் ஒன்றும் இல்லை. இந்த வருஷம் நான்காவது ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் ஓடுகிறது. – ஒரு மகள், சென்னை

தொந்தரவு இல்லையென்றால் டெஸ்டே எடுக்காதீர்கள். அந்த வயதில் பல பெண்களுக்குச் சிறுநீரில் கிருமி சும்மா குடியிருக்கும், சண்டைக்கு வராது. ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்த்தால் பேதிதான் மிச்சம், நிஜமாகவே தொற்று வரும் நாளில் மருந்து கேட்காது. எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி வந்தால் அது வேறு கதை, அப்போது கட்டாயம் காட்ட வேண்டும். திடீரென்று அம்மா ஆள் மாறிப் பேசினாலும் காட்டுங்கள், ஆனால் ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று அங்கேயே முடித்துவிடாமல் ரத்தத்தில் உப்பு, சுகர், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எரிச்சல் எட்டு வருஷமாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஆண் டாக்டர்தான். காட்டித்தான் ஆக வேண்டுமா? தானாகச் சரியாகாதா? – படித்ததும் கிழித்துவிடவும்

உடம்புச் சூடும் வியர்வையும் பெரும்பாலானவர்களுக்கு வருஷங்கள் போகப் போகத் தணியும். இது அப்படி இல்லை, விட்டால் கூடத்தான் செய்யும். எட்டு வருஷம் பொறுத்தது போதும் அம்மா.

ஆண் டாக்டர் என்றால் கூடவே ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், கேட்காமலே நிற்க வைப்பதுதான் முறை. உங்கள் மருமகளையோ மகளையோ கூட வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே உள்ளே கருவி வைத்துப் பார்க்க வேண்டும் என்று இல்லை. ரத்தம் படவில்லை, கட்டி எதுவும் தெரியவில்லை என்றால் நீங்கள் சொல்வதைக் கேட்டு, வெளியில் ஒரு பார்வை பார்த்தே மருந்து தொடங்கிவிடலாம். உள்ளே பார்க்க வேண்டி வந்தால் ‘சின்ன சைஸ் வையுங்கள்’ என்று சொல்லுங்கள், வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்தியே ஆக வேண்டும். பக்கத்து டவுனில் பெண் டாக்டர் இருந்தால் அங்கே போவதிலும் தப்பில்லை.

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். எனக்கு எழுதத் தெரிந்ததே, அதே மாதிரி. ‘தீட்டு நின்று இத்தனை வருஷம். கீழே எரிகிறது. சிறுநீர் போகும்போதும் எரிகிறது. ரத்தம் படவில்லை. இன்னின்ன மாத்திரை சாப்பிடுகிறேன்.’ நாலு வரி போதும், பேரனின் நோட்டிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளை, நீங்கள் சொன்னபடியே, கிழித்துவிட்டேன்.